டெங்கு கூட வேற கிருமியும் சேந்துக்குமா? சிஸ்டர் பதில் சொல்றாங்க

தண்டையார்பேட்டைலருந்து ஒரு அக்கா: சிஸ்டர், பையனுக்கு டெங்கு பாசிட்டிவ், டாக்டர் ஆன்டிபயாடிக்கே எழுதல, மெடிக்கல்ல நானே வாங்கிக் குடுக்கவா?

வேணாங்க்கா. டெங்கு வைரஸு, அதுக்கு ஆன்டிபயாடிக் கேக்காது. பாராசிட்டமால், ஓஆர்எஸ், கஞ்சி, இளநீர் குடுங்க. ப்ரூஃபன், ஆஸ்பிரின் பக்கம் போகவே கூடாது, ரத்தம் கசியும்.

வியாசர்பாடி தங்கச்சி: வீட்டுக்காரருக்கு இன்னிக்கு 8வது நாள். பிளேட்லெட் ஏறிடுச்சு, ஆனா ஜுரம் 102லயே நிக்குது, ஒயிட் செல் 16,000னு வந்திருக்கு. டெங்குதான இது?

இன்னிக்கே கூட்டிட்டுப் போம்மா. டெங்கு ஜுரம் பெரும்பாலும் 2லருந்து 7 நாள்ல விட்டுடும், ஒயிட் செல்லும் பொதுவா கொறையத்தான் செய்யும், இப்படி ஏறிக்கிட்டு ஜுரமும் விடலன்னா பாக்டீரியா சேந்திருக்கான்னு பாத்தே ஆகணும். டெங்குல குடல் சுவர் பலவீனமாகி அங்க இருக்கற கிருமி ரத்தத்துல கலக்க வாய்ப்பு இருக்கு. ஆன்டிபயாடிக் போடறதுக்கு முன்னாடியே பிளட் கல்ச்சர், அதான் ரத்தத்துல கிருமி வளருதான்னு பாக்கற டெஸ்ட், எடுப்பீங்களான்னு கேளு. அட்மிட் ஆகி டிரிப்ஸ் ஏத்தினாங்கன்னா அந்தக் கையையும் பாரு. எங்க வார்டுல ஒருத்தருக்கு மூணு நாளா ஜுரம் ஏன் விடலன்னு எல்லாரும் முழிச்சிட்டிருந்தோம், பிளாஸ்டரைப் பிரிச்சா ஊசி போட்ட எடம் செவந்து, ரத்தக்குழாய் முழங்கை வரைக்கும் கயிறு மாதிரி தடிச்சிருந்துச்சு. அன்னிலருந்து தெனமும் பிளாஸ்டரை நான் பாக்காம விடறதில்ல.

புளியந்தோப்பு தம்பி: மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வந்துச்சு, அதுலதான் நடந்தோம். டெங்கு பாசிட்டிவ், கெண்டைக்கால் உயிர் போற வலி.

எலிக்காய்ச்சலும் இருக்கலாம்பா, எலி மூத்திரம் கலந்த தண்ணிலருந்து வர்றது, டெங்குவோட சேந்தும் வரலாம். கண்ணு செவக்குதா, மஞ்சளாகுதா, மூத்திரம் கொறையுதான்னு பாத்து டாக்டர்ட்ட தண்ணில நடந்ததை நீயே வாயத் தொறந்து சொல்லு, கேக்காம விட்டுடுவாங்க. அக்குள், இடுப்புல சிகரெட்டால சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருந்தா அது ஸ்க்ரப் டைபஸா இருக்கலாம், சின்னப் பூச்சி கடிச்சு வர்ற பாக்டீரியா ஜுரம். எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் ரெண்டுக்குமே டாக்ஸிசைக்ளின்னு மருந்து இருக்கு, சீக்கிரம் ஆரம்பிக்கணும், அவ்ளோதான்.

ராயபுரம் அண்ணன்: டைஃபாய்டுக்கு எடுத்த வைடால் ரத்த டெஸ்ட் பாசிட்டிவ், டைஃபாய்டும் இருக்கா?

அதை மட்டும் வெச்சு சொல்ல முடியாதுண்ணா, தப்பா பாசிட்டிவ் காட்டும். கல்ச்சர்தான் பேசும்.

காசிமேடு அக்கா: பாப்பாக்கு ஜுரம் விட்டுடுச்சு, ஆனா வயித்து வலி, வாந்தி, படுத்தே கெடக்கறா. தூங்க விடட்டுமா?

வேணாங்க்கா, ஜுரம் விடற நேரம்தான் டெங்குல ஆபத்தே. கை கால் சில்லுனு இருக்கான்னு தொட்டுப் பாத்துக்கிட்டே ஆட்டோவப் புடிங்க, ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு இப்பவே கெளம்புங்க.