கழுத்துக் கட்டி: ரிப்போர்ட்டில் ‘கால்சிடோனின் பார்க்கவும்’ என்றால்?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. தைராய்டு கட்டியில் ஊசி குத்தி எடுத்த ரிப்போர்ட்டில் ‘ஃபாலிகுலர் நியோபிளாசம், பெதஸ்டா 4. மெடுல்லரி கேன்சர் இல்லையென்று உறுதிசெய்ய கால்சிடோனின் பார்க்கவும்’ என்றிருக்கிறது. டி.எஸ்.எச். நார்மல். ஒரே ஊசியில் தெரியாதா? மறுபடி குத்தினால் பரவிவிடும் என்கிறார் சித்தி.
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: சித்தியிடம் தைரியம் சொல்லுங்கள். 23 முதல் 27 கேஜ் வரையான மெல்லிய ஊசியின் தடத்தில் புற்றுச் செல் பரவுவது மிக மிக அரிது.

ரிப்போர்ட் எழுதியவர் கவனமாகப் பார்த்திருக்கிறார். ‘ஃபாலிகுலர் நியோபிளாசம், பெதஸ்டா 4’ என்றால், தைராய்டின் ஃபாலிகிள் (நுண்பை) செல்லில் எழுந்த கட்டி போலிருக்கிறது, சாதாரணக் கட்டியா புற்றா என்று ஊசியை மட்டும் வைத்துப் பிரிக்க முடியவில்லை என்று பொருள். மெடுல்லரி புற்று, கால்சிடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும், தைராய்டிலேயே உள்ள சி-செல்லில் தோன்றுவது. அதனால் டி.எஸ்.எச். (தைராய்டு ஹார்மோன் சுரப்பைத் தூண்டுவது) நார்மல் என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஸ்லைடில் இந்தப் புற்றின் செல்கள் உதிரியாகக் கிடக்கும், உட்கரு ஓரமாக ஒதுங்கியிருக்கும், உட்கருவுக்குள் இருக்கும் மரபுப்பொருளான குரோமாட்டின் உப்பும் மிளகும் தூவினாற்போல் தெரியும். சிலரிடம் அதே செல்கள் வட்டமாக அடுக்கி, ஃபாலிகுலர் கட்டி போலவே இருக்கும். இந்தப் புற்றில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவும், தைராய்டில் இயல்பாக இருக்கும் கொலாய்டு கூழ் கெட்டியானது மாதிரித் தெரிந்து ஏமாற்றும். காங்கோ ரெட் சாயம் ஏற்றி போலரைஸ்டு வெளிச்சத்தில் பார்த்தால் அமிலாய்டு பச்சையாக மின்னும்.

தடவும் விதத்திலும் தவறு நேரும். உட்கருவைத் தெளிவாகக் காட்டும் பாப் சாயத்துக்கான ஸ்லைடைத் தடவியதுமே 95 சதவீத ஆல்கஹாலில் போட வேண்டும். சித்திரை வெக்கையில் ஃபேனுக்குக் கீழே தடவினால், ஆல்கஹாலில் விழுமுன்னே காய்ந்து உட்கரு ஊதி மங்கிவிடும், உப்பு-மிளகு தெரியாது. ஜீம்சா என்ற இன்னொரு சாயத்துக்கான ஸ்லைடு மட்டும் காற்றில் நன்றாக உலர வேண்டும். அதில் செல்லுக்குள் செந்நிறத் துகள்கள் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும்.

இப்போது ரத்தத்தில் கால்சிடோனின், சி.இ.ஏ. (இந்தப் புற்றில் கூடும் ஒரு புரதம்) இரண்டும் பாருங்கள். கால்சிடோனின் சீக்கிரம் சிதைவது. அம்பையில் எடுத்த ட்யூப் பஸ்ஸில் பாளையங்கோட்டை வரை வெயிலில் போனால் அளவு குறைந்து காட்டும். உடனே சீரம் பிரித்துக் குளிரில் வைக்கும் லேபில் கொடுங்கள். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் வகை மாத்திரையும் சிறுநீரகக் கோளாறும் அளவைக் கூட்டிக் காட்டும், டாக்டரிடம் மறைக்காதீர்கள். மறுபடி ஊசி குத்தினால், ஸ்லைடு தடவியபின் ஊசியை 1 மி.லி. சலைனில் அலசி அதிலும் கால்சிடோனின் பார்க்கக் கேளுங்கள். செல் குறைவாக வந்தாலும் அது காட்டிக்கொடுக்கும்.

மெடுல்லரி என உறுதியானால் ஆபரேஷனுக்கு முன் மெட்டாநெஃப்ரின் (அட்ரினல் ஹார்மோனின் சிதைபொருள்) பரிசோதனை கட்டாயம். சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியில் ஒரு கட்டி ஒளிந்திருந்தால் மயக்க மருந்தின்போது பிரஷர் எகிறி உயிருக்கே ஆபத்தாகும். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இது பரம்பரையாக வருகிறது. அம்மாவுக்கு இதற்குக் காரணமான ஆர்.இ.டி. மரபணுவில் மாற்றம் இருந்தால் நீங்களும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

வேறு மருத்துவமனைக்குப் போனால் ரிப்போர்ட்டோடு ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிப் போங்கள்.