ஃபுளோரைடு எங்கிருந்தெல்லாம் வருகிறது? உணவு, பூச்சிமருந்து பற்றிய கேள்வி பதில்

உணவில் தங்கும் பூச்சிமருந்து எச்சங்களைப் பரிசோதிப்பது என் தொழில். ஃபுளோரைடு அளவோடு பல்மேல் பட்டால் சொத்தையைத் தடுக்கும், அளவு மீறி உடம்பில் சேர்ந்தால் பல்லில் கறை விழும், எலும்பும் மூட்டும் இறுகி வலிக்கும். ஃபுளோரைடு பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் மருத்துவர் இல்லை, அதனால் மூட்டு வலிக்கு மருந்து கேட்டவர்கள் மன்னிக்கவும். கீழே அடிக்கடி வரப்போகும் ஒரு கணக்கு: ஒரு லிட்டர் தண்ணீரில் 1 மில்லிகிராம் இருந்தால் அதுவே 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. உணவில் என்றால் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம்.

கவிதா: ஃபுளோரைடு தண்ணீர் சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். சாப்பாட்டிலும் வருமா அக்கா?

வரும். ஆனால் நீங்கள் நினைத்ததும் பெரும்பாலும் சரிதான். செடிகள் வேர் வழியாக ஃபுளோரைடை அவ்வளவாக எடுத்துக்கொள்வதில்லை. தானியம், காய், பழம் எல்லாவற்றிலும் இயல்பாக இருப்பது மிகக் குறைவு. பசும்பாலில் அதைவிடக் குறைவு, தாய்ப்பாலில் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். ஆகவே சாப்பாட்டில் ஃபுளோரைடு கூடினால் நான் முதலில் கேட்பது "எந்தத் தண்ணீரில் சமைத்தது?" என்றுதான். அரிசியும் பருப்பும் வேகும்போது உறிஞ்சுகிற தண்ணீரோடு அதிலுள்ள ஃபுளோரைடும் உள்ளே போய்விடும். குடிக்கும் தண்ணீரை மட்டும் வடிகட்டிவிட்டு, சமையலுக்குக் கிணற்று நீரையே ஊற்றுகிறவர்கள் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள்.

விதிவிலக்குகள் மூன்று: தேயிலை, எலும்போடு சாப்பிடும் இறைச்சியும் மீனும், சில பூச்சிமருந்துகள்.

முருகேசன்: தேநீரில் அப்படி என்ன இருக்கிறது? நான் ஒரு நாளைக்கு ஐந்தாறு டம்ளர் குடிக்கிறவன்.

தேயிலைச் செடி மற்ற செடிகளைப் போல இல்லை. அமில மண்ணில் வளரும். அந்த மண்ணிலிருந்து அலுமினியத்தையும் ஃபுளோரைடையும் சேர்த்தே இழுத்து இலையில் தேக்கி வைக்கும். இலை முற்ற முற்றச் சேர்மானம் கூடும். கொழுந்தில் இருப்பதைவிடப் பல மடங்கு முதிர்ந்த இலையில் இருக்கும். நல்ல தண்ணீரில் போட்ட கருந்தேநீரிலேயே லிட்டருக்கு 1 முதல் 5 மில்லிகிராம் வரை இறங்குவது சாதாரணம். ஒப்பிட்டுப் பாருங்கள்: குடிநீருக்கு உலகச் சுகாதார அமைப்பு வைத்திருக்கும் வழிகாட்டு அளவே 1.5 மில்லிகிராம்தான்.

முற்றிய இலையையும் காம்பையும் சேர்த்து அழுத்திக் கட்டியாகச் செய்யும் தேயிலையைத் திபெத், மங்கோலியா பக்கம் நாள் முழுக்கக் குடிக்கிறார்கள். தண்ணீரில் ஃபுளோரைடு குறைவாக இருக்கும் இடங்களில்கூட அங்கே எலும்பு பாதிப்பு வருகிறது. முக்கியக் காரணம் தேநீர்தான். 2013-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த செய்தி இன்னும் தெளிவானது. 47 வயதுப் பெண் ஒருவர், தினமும் 100 முதல் 150 தேயிலைப் பைகளைப் போட்டு ஒரு பெரிய குடுவைத் தேநீரைக் குடித்து வந்தார், அதுவும் 17 ஆண்டுகள். முதுகெலும்பு இறுகி, ஊடுகதிர்ப் படத்தில் ஃபுளோரைடு பாதிப்பு பளிச்சென்று தெரிந்தது.

ஐந்தாறு டம்ளர் அந்த வகையில் சேராது, பயப்பட வேண்டாம். ஆனால் உங்கள் தண்ணீரிலும் ஃபுளோரைடு அதிகம் என்றால் இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். மலிவான தூளில் முற்றிய இலை அதிகம் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். மூலிகைத் தேநீர் என்று விற்பதில் தேயிலையே இல்லாவிட்டால் இந்தப் பிரச்சினையும் இல்லை.

நஸ்ரின்: பூச்சிமருந்து வழியாக ஃபுளோரைடு வரும் என்று படித்தேன். எந்த மருந்துகள் மேடம்?

உணவு விஷயத்தில் பேச வேண்டியவை இரண்டு.

ஒன்று கிரையோலைட். சோடியம், அலுமினியம், ஃபுளோரின் மூன்றும் சேர்ந்த கனிமம். எடையில் பாதிக்கும் மேல் ஃபுளோரின்தான். முன்பு கிரீன்லாந்தில் வெட்டி எடுத்தார்கள், பிறகு செயற்கையாகவே தயாரிக்கத் தொடங்கினார்கள். தண்ணீரில் லேசில் கரையாது. பொடியாக இலைமேல் படிந்திருக்கும், அதைத் தின்கிற புழு சாகும். திராட்சைக்கும் உருளைக்கிழங்குக்கும் அமெரிக்காவில் நிறையத் தெளித்திருக்கிறார்கள். அங்கே பல பழங்களுக்கும் காய்களுக்கும் வைத்த எச்ச வரம்பு 7 பிபிஎம்.

இரண்டாவது சல்ஃபியூரில் ஃபுளோரைடு என்கிற வாயு. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. முதலில் வீடுகளில் மரத்தை அரிக்கும் கறையானை ஒழிக்கப் பயன்பட்டது. கிடங்குகளில் பூச்சியைக் கொல்லப் புகையூட்டப் பயன்பட்ட மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று மாண்ட்ரியல் உடன்பாட்டின்கீழ் ஒதுக்கப்பட்டபோது, அந்த இடத்துக்கு இதைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் 2004-இல் உணவுக் கிடங்குகளுக்கு அனுமதி கிடைத்தது. வாயு பறந்துவிடும். ஆனால் அதில் ஒரு பங்கு உணவோடு வினைபுரிந்து ஃபுளோரைடாக அங்கேயே தங்கும். முழுத் தானியத்தைவிட மாவில் அதிகம் தங்கும், ஏனென்றால் மாவுக்கு மேற்பரப்பு அதிகம். உலர்ந்த முட்டைத்தூளுக்கு அமெரிக்கா அனுமதித்த ஃபுளோரைடு வரம்பு 900 பிபிஎம் என்றால் நம்புவீர்களா? அச்சுப்பிழை இல்லை. எல்லா முட்டைத்தூளிலும் அவ்வளவு இருக்கும் என்றும் பொருளில்லை, அது உச்சவரம்பு. ஆனாலும் அந்த எண்ணை எந்தத் தைரியத்தில் எழுதினார்கள் என்று எனக்கு இன்றுவரை வியப்புதான்.

பழைய கரப்பான்பூச்சி மருந்தான சோடியம் ஃபுளோரைடு உணவுக்கானது அல்ல. ஆனால் அது உணவில் விழுந்த கதை உண்டு. 1942-இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநில மனநல மருத்துவமனைச் சமையலறையில், பால்பவுடர் என்று நினைத்து அதை முட்டையில் கலந்துவிட்டார்கள். 47 பேர் இறந்தார்கள். வெள்ளைப் பொடி எதையும் சமையலறைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

பிரபு: திராட்சையைக் கழுவினால் போய்விடுமா?

கிரையோலைட் தோலின்மேல்தான் இருக்கும். ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் ஒரு பகுதி போகும், முழுவதும் போகாது. பழச்சாற்றில்தான் சிக்கல் அதிகம், நாம் கழுவ வழியில்லை. கிரையோலைட் தெளித்த காலத்தில் அமெரிக்காவில் வெள்ளைத் திராட்சைச் சாற்றைச் சோதித்தபோது பல மாதிரிகளில் 1 பிபிஎம்முக்கு மேல் இருந்தது. ஒயினுக்குச் சர்வதேச அளவில் வைத்த வரம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம். கிரையோலைட் அனுமதிக்கப்பட்ட தோட்டமென்றால் மட்டும் 3 வரை போகலாம். அந்தச் சலுகையே எவ்வளவு தங்குகிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. குழந்தைக்குச் சாறுக்குப் பதில் பழமாகவே கொடுங்கள், சர்க்கரை விஷயத்திலும் அதுதான் நல்லது.

ஸ்டெல்லா: அந்தப் புகையூட்டும் வாயுவை அமெரிக்காவில் தடைசெய்யப் போய், பிறகு விட்டுவிட்டார்களாமே? ஆபத்து இல்லை என்று தெரிந்ததாலா?

அதனால் இல்லை. என்னைக் கேட்டால், இந்தத் தலைப்பில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே கதை இதுதான்.

அமெரிக்காவில் 1996-இல் வந்த உணவுத் தரச் சட்டப்படி, ஒரு பூச்சிமருந்தின் எச்சத்தை அனுமதிக்குமுன் அதே பொருள் தண்ணீர் வழியாகவும் மற்ற வழிகளிலும் எவ்வளவு வருகிறது என்று கூட்டிப் பார்க்க வேண்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அப்படிக் கூட்டிப் பார்த்தது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.08 மில்லிகிராம் என்பது அவர்கள் வைத்த பாதுகாப்பு அளவு. இயற்கையாகவே தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள பகுதிகளில் சில சிறுவர்களுக்கு அந்த அளவு தாண்டியது. புகையூட்டலின் பங்கு அதில் மிகச் சிறியது. அதைத் தூக்கிவிட்டாலும் பெரிய மாற்றம் வராது என்று முகமையே ஒப்புக்கொண்டது. ஆனாலும் ஏற்கெனவே நிறைந்த குடத்தில் இன்னொரு சொட்டு ஊற்றச் சட்டம் அனுமதிக்கவில்லை. 2011 ஜனவரியில் படிப்படியாக நிறுத்தும் யோசனையை வெளியிட்டார்கள்.

உணவுத் தொழில் தரப்பு எதிர்த்தது. 2014-இல் அமெரிக்க நாடாளுமன்றம் வேளாண் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது: இந்த வாயுவை மதிப்பிடும்போது பூச்சிமருந்து அல்லாத வழிகளில் வரும் ஃபுளோரைடைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. யோசனை அத்தோடு முடிந்தது. அறிவியல் மாறவில்லை, கூட்டல் கணக்கைத்தான் மாற்றினார்கள். குழந்தையின் எலும்புக்கு இது தண்ணீர் ஃபுளோரைடு, இது மாவு ஃபுளோரைடு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

அதே சமயம், "பூச்சிமருந்துதான் எல்லாவற்றுக்கும் காரணம்" என்று பரப்புகிறவர்களும் இதே கதையைத்தான் காட்டுகிறார்கள். அதுவும் தவறு. பெரும்பங்கு தண்ணீரிலிருந்துதான் வந்தது.

அன்பரசன்: ஃபிப்ரோனில், பைஃபென்த்ரின் பூச்சிமருந்துகள், ஒட்டாத பாத்திரத்தின் டெஃப்லான் பூச்சு எல்லாவற்றிலும் ஃபுளோரின் இருக்கிறதே? அவையும் இந்தக் கணக்கில் வருமா?

பொதுவாக வராது. அவற்றில் ஃபுளோரின் கார்பனோடு பிணைந்திருக்கிறது. வேதியியலில் மிக உறுதியான பிணைப்புகளில் அதுவும் ஒன்று. உடம்புக்குள் போனாலும் எளிதில் அறுந்து ஃபுளோரைடாக வெளியே வராது. அந்த மருந்துகளின் நச்சு வேறு வகை, அதைத் தனியாக மதிப்பிட வேண்டும். ஃபிப்ரோனில் நரம்பைத் தாக்குவதற்கும் பல்லில் கறை விழுவதற்கும் சம்பந்தமில்லை.

விதிவிலக்கு இல்லாமலில்லை. வோரிகோனசோல் என்கிற பூஞ்சை மருந்தில் மூன்று ஃபுளோரின் அணுக்கள் உண்டு. மாதக்கணக்கில் சாப்பிட்ட சிலருக்கு இரத்தத்தில் ஃபுளோரைடு ஏறி, எலும்பின் மேலுறை வீங்கி வலித்திருக்கிறது. மருந்தை நிறுத்தினால் சரியாகிறது.

நஸ்ரின்: கோழி, மீன்?

சதையில் மிகக் குறைவு, எலும்பில்தான் இருக்கிறது. உடம்பிலுள்ள ஃபுளோரைடில் சுமார் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும்தான் தங்கும், கோழிக்கும் அப்படித்தான். எலும்போடு சேர்த்து இயந்திரத்தில் அழுத்திப் பிரித்தெடுக்கும் இறைச்சியில் எலும்புத் துகள் கலந்துவிடும். சாசேஜ், நக்கெட், டப்பாவில் வரும் குழந்தை உணவு போன்றவற்றில் அது போகிறது. முள்ளோடு சாப்பிடும் டப்பா மீனும் இப்படியே. ஆனால் எலும்பில் கால்சியத்தோடு கட்டுண்ட ஃபுளோரைடு முழுவதும் குடலில் உறிஞ்சப்படுவதில்லை. வீட்டில் வெட்டிச் சமைக்கும் கோழியைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

சுதா: மூன்று வயது மகள் பற்பசையை விழுங்கிவிடுகிறாள். இதையும் சேர்க்க வேண்டுமா?

கட்டாயம். உங்கள் கேள்விதான் இன்றைக்கு வந்ததிலேயே அவசரமானது. ஃபுளோரைடு சேர்த்த சாதாரணப் பற்பசையில் 1000 பிபிஎம் அளவில் இருக்கும். விளம்பரத்தில் வருவதுபோல் பிரஷ் முழுக்க நீட்டி வைத்தால் ஏறக்குறைய 1 கிராம். அதை விழுங்கினால் 1 மில்லிகிராம் ஃபுளோரைடு. உங்கள் மகள் 14 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 0.08 கணக்கில் அவளுக்கு ஒரு நாள் அளவு 1.12 மில்லிகிராம். ஒரே தடவை பல் துலக்கலில் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது!

மூன்று வயதுக்குக் கீழே அரிசி அளவு, அதன் பிறகு ஆறு வயது வரை பட்டாணி அளவு. பற்பசையை நீங்களே வைத்துக் கொடுங்கள், துப்பப் பழக்குங்கள். நிரந்தரப் பற்களின் எனாமல் உருவாகும் 8 வயது வரைதான் வெண்திட்டு விழும் ஆபத்து. அதற்காகப் பற்பசையையே நிறுத்தச் சொல்லவில்லை. பல்மேல் படும் ஃபுளோரைடு சொத்தையைத் தடுப்பது உண்மை.

முருகேசன்: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகுமா?

போகாது. தண்ணீர் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே இருக்கும், ஆக அடர்த்திதான் கூடும். சாதாரணக் கரி வடிகட்டியும் உதவாது. ஆர்.ஓ., செயலூட்டிய அலுமினா (ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்ளும் அலுமினிய ஆக்சைடு), எலும்பை எரித்துச் செய்யும் எலும்புக்கரி ஆகியவை குறைக்கும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளிய வைக்கும் நல்கொண்டா முறையும் உண்டு.

கவிதா: உரத்திலிருந்து வருமா?

பாஸ்பேட் பாறையில் ஃபுளோரின் 2 முதல் 4 விழுக்காடு வரை உண்டு. சூப்பர் பாஸ்பேட்டோடு அதில் கொஞ்சம் வயலுக்கு வருகிறது, ஆண்டுக்கணக்கில் மண்ணில் சேருகிறது. பயிர் அதிகம் எடுப்பதில்லை. மண்ணையும் சேர்த்து மேய்கிற ஆடுமாடுகளுக்குத்தான் அது கவலை.

ஸ்டெல்லா: பால் குடித்தால் ஃபுளோரைடு உடம்பில் ஏறாது என்கிறார்களே?

ஏறுவது குறையும், நிற்காது. வெறும் வயிற்றில் கரைந்த ஃபுளோரைடு ஏறக்குறைய முழுதும் உறிஞ்சப்படும். கால்சியம் உள்ள உணவோடு போனால் ஒரு பகுதி கரையாத உப்பாகி வெளியேறும். பால் ஊற்றிய தேநீரிலும் கொஞ்சம் அப்படி நடக்கும்.

பிரபு: குழந்தைகளின் அறிவுத்திறன் குறைகிறது என்ற செய்தி உண்மையா?

2024 ஆகஸ்டில் அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் வெளியிட்ட அறிக்கையைச் சொல்கிறீர்கள். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் உள்ள அளவில் ஃபுளோரைடு சேரும் சிறுவர்களுக்கு அறிவுத்திறன் மதிப்பெண் குறைவதோடு தொடர்பு இருப்பதாக, நடுத்தர உறுதியோடு அது சொல்கிறது. அமெரிக்கா தண்ணீரில் சேர்க்கும் 0.7 மில்லிகிராம் அளவுக்கு அப்படிச் சொல்லப் போதிய ஆதாரமில்லை என்றும் அதிலேயே இருக்கிறது. இந்த இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டுத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள்.

அன்பரசன்: எனக்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சோதிக்க முடியுமா?

சிறுநீரில் அளக்கலாம். ஆனால் அது கடைசி ஓரிரு நாள் கணக்கு, ஆயுள் கணக்கு அல்ல. பெரியவர்களுக்கு உறிஞ்சியதில் ஏறக்குறைய பாதி சிறுநீரில் போய்விடும், மீதி எலும்பில் தங்கும். குழந்தைகளுக்குத் தங்கும் பங்கு இன்னும் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வெளியேற்றம் குறைவதால் சோதனையில் எண் குறைவாக வந்து ஏமாற்றலாம். அவர்கள் மருத்துவரிடம் காட்டித்தான் அதைப் படிக்க வேண்டும். மற்றவர்கள் முதலில் சோதிக்க வேண்டியது சிறுநீரை அல்ல, சமைக்கும் தண்ணீரை.