கணினிக் கேள்வி - பதில்

கேள்வி: அல்சூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கணினியில் லினக்ஸ்தான். வாட்ஸ்ஆப்பில் வரும் ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்ததும் அழித்துவிடுவேன். போன வாரம் ஒருவர் "டிலீட் மாடிதிரா?" (அழித்துவிட்டீர்களா?) என்று கன்னடத்தில் கேட்டார். "ஆயித்து" (ஆச்சு) என்றேன். நான் சொன்னது சரிதானா?
- ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: பாதி சரி. நீங்கள் அழித்தது டவுன்லோடு ஃபோல்டரில் இருந்ததை. பிரிண்ட் கொடுத்ததுமே, லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் என்ற மென்பொருள் தனக்கென்று ஒரு பிரதி எடுத்து, அச்சு வரிசைக்கான ஸ்பூல் ஃபோல்டரில் வைத்துக்கொள்கிறது. அங்கே 'டி' என்று தொடங்கும் கோப்புதான் அந்த ஆதார். 'சி' என்று தொடங்குவது யார் அனுப்பியது, என்ன பெயர் என்ற குறிப்பு. ரூட் அனுமதி, அதாவது கணினி நிர்வாகியின் அனுமதி, இல்லாமல் அந்த இடம் திறக்காது. அதனால்தான் உங்கள் கண்ணில் படவில்லை.

இந்த ஏற்பாட்டைத் திட்ட எனக்கு மனசு வராது. தொண்ணூறுகளில் சிவாஜிநகரில் வேலை பார்த்தபோது யூனிக்ஸில் அச்சுக்கு அனுப்பும் எல்பிஆர் கட்டளைக்கு '-எஸ்' போடுவோம். பிரதி எடுக்காமல் இணைப்பு மட்டும் வைக்கும், டிஸ்க்கில் இடம் மிச்சம். ஒருநாள் பெரிய ரிப்போர்ட்டை அப்படி அனுப்பினேன். எனக்கு முன்னால் வரிசையில் ஆறு பேர். அனுப்பியாச்சே என்று கோப்பை அழித்துவிட்டுக் காபிக்குப் போனேன். திரும்பி வந்தால் பேப்பரும் இல்லை, கோப்பும் இல்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து மறுபடி தயாரித்தேன்.

சரி, உங்கள் கடைக்கு வருவோம். அச்சாகி முடிந்த கோப்பை கப்ஸ் வழக்கமாக 86,400 விநாடி, அதாவது ஒரு நாள் வைத்திருக்கும். குறிப்புகள் 500 வேலை வரை சேரும். பேப்பர் சிக்கி அச்சாகாமலே நிற்கும் வேலைக்கு அந்த ஒரு நாள் கணக்கு கிடையாது. அச்சாகும் வரையோ ரத்தாகும் வரையோ கிடக்கும். கடை மூடும் நேரத்தில் ரூட்டாக 'கேன்சல் -ஏ -எக்ஸ்' கொடுத்தால் எல்லாம் போய்விடும். வரிசையில் காத்திருப்பதும் சேர்ந்தே போகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கப்ஸ்டி அமைப்புக் கோப்பில் 'பிரிசர்வ் ஜாப் ஃபைல்ஸ்' என்ற வரி இருக்கும்; இல்லையென்றால் சேர்க்க வேண்டும். மூன்று சொல்லையும் இடைவெளி விடாமல் எழுதுங்கள். பக்கத்தில் 'நோ' போட்டால் அச்சானதுமே கோப்பு அழியும். நானாக இருந்தால் 600 என்று போடுவேன், 600 விநாடி, அதாவது பத்து நிமிடம். "இன்னொரு காப்பி கொடுங்க" என்று வாசல் வரை போனவர் திரும்பி வருவாரே! அப்புறம் கப்ஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அடுத்த தடவை யாராவது கேட்டால், "ஹத்து நிமிஷதல்லி ஹோகுத்தெ" (பத்து நிமிடத்தில் போய்விடும்) என்று சொல்லலாம்.