வட்டம் முட்டையாகத் தெரிந்தால் ஸ்கேலிங்கைத் தொடாதீர்கள்

கேள்வி: என்னிடம் 15.6 அங்குல விண்டோஸ் 11 லேப்டாப் இருக்கிறது. அதற்கு 3440×1440 பிக்சல் கொண்ட 34 அங்குல அல்ட்ராவைட் மானிட்டர் வாங்கி, பழைய எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தேன். எல்லாமே அகலத்தில் இழுத்தாற்போல் தெரிகிறது, எழுத்தும் மங்கல். ஸ்கேலிங்கை 125, 150 என்று மாற்றினால் பெரிதாகிறதே தவிர தெளிவாகவில்லை. கணக்கு மென்பொருள் எல்லாவற்றையும்விட மோசம். மானிட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்களுக்கு இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. படம் இழுபடுவது ரெசல்யூஷன், அதாவது படத்தில் எத்தனை பிக்சல் என்ற சிக்கல். கணக்கு மென்பொருள் மங்குவதுதான் ஸ்கேலிங், அதாவது எழுத்தையும் பட்டன்களையும் எத்தனை சதவீதம் பெரிதாகக் காட்டுவது என்ற சிக்கல். முதலாவது தீராமல் இரண்டாவதில் கைவைத்ததால்தான் இவ்வளவு குழப்பம்.

செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று போய், மேலே அல்ட்ராவைட் மானிட்டரைத் தேர்ந்தெடுங்கள். அங்கே டெஸ்க்டாப் மோட், ஆக்டிவ் சிக்னல் மோட் என்று இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரி விண்டோஸ் வரையும் படத்தின் அளவு, இரண்டாவது கேபிளில் உண்மையில் போகும் அளவு. இரண்டிலும் 3440×1440 இருக்க வேண்டும். மேலே 1920×1080, கீழே 3440×1440 என்றிருந்தால் லேப்டாப்பின் கிராபிக்ஸ் சிப்பே படத்தை இழுக்கிறது. இரண்டிலும் 1920×1080 என்றால் இழுப்பது மானிட்டர். எப்படியானாலும் படம் கிடையாக ஏறக்குறைய 1.8 மடங்கும் செங்குத்தாக 1.33 மடங்கும் பெருக்கப்படுகிறது. வட்டம் முட்டையாவதும் எழுத்து மங்குவதும் இதனால்தான். இந்த நிலையில் ஸ்கேலிங்கை எவ்வளவு கூட்டினாலும் மங்கல் எழுத்துதான் பெரிதாகும்.

1920×1080-இல் சிக்கிக்கொள்ள நான் அதிகம் பார்க்கும் காரணம் ரொம்பச் சாதாரணமானது: டூப்ளிகேட் மோட். இரண்டு திரையிலும் ஒரே படம் காட்ட வேண்டும் என்றால் விண்டோஸ் இரண்டுக்கும் பொதுவான ஒரு ரெசல்யூஷனுக்கு இறங்கிவிடும். விண்டோஸ் கீயுடன் பி-யை அழுத்தி எக்ஸ்டெண்ட் அல்லது செகண்ட் ஸ்கிரீன் ஒன்லியைத் தேர்ந்தெடுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

ஆகவில்லையா? ரெசல்யூஷன் பட்டியலில் 3440×1440 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேபிள், இடையில் மாட்டிய அடாப்டர், கிராபிக்ஸ் டிரைவர் மூன்றையும் சந்தேகப்படலாம். டிவைஸ் மேனேஜரில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர் என்று வந்தால் சரியான டிரைவரே ஏறவில்லை என்று அர்த்தம். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிப் போடுங்கள். எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் இந்த ரெசல்யூஷன் வந்தாலும் பல லேப்டாப்-மானிட்டர் ஜோடிகளில் 50 அல்லது 30 ஹெர்ட்ஸோடு (வினாடிக்கு அத்தனை முறைதான் படம் புதுப்பிக்கப்படும்) நின்றுவிடும், மவுஸ் நகர்வது திக்கித் திக்கித் தெரியும். எச்டிஎம்ஐ 2.0 என்றால் 60 ஹெர்ட்ஸ் தாராளமாகக் கிடைக்கும். உங்கள் லேப்டாப்பின் யூஎஸ்பி-சி போர்ட் படமும் அனுப்பக்கூடியது என்றால் யூஎஸ்பி-சி டு டிஸ்பிளேபோர்ட் கேபிளே என் தேர்வு. மானிட்டர் மெனுவில் பிபிபி, அதாவது இரண்டு கணினிகளை அருகருகே காட்டும் வசதி, ஆன் ஆகியிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். அது ஆனில் இருந்தால் லேப்டாப்புக்குப் பாதித் திரைதான் கிடைக்கும்.

வட்டம் வட்டமான பிறகு ஸ்கேலிங்குக்கு வருவோம். உங்கள் லேப்டாப் திரை 1920×1080 என்றே வைத்துக்கொள்கிறேன். அதில் ஓர் அங்குலத்துக்கு 141 பிக்சல், புது மானிட்டரில் 110. லேப்டாப்பில் 125 சதவீதமும் மானிட்டரில் 100 சதவீதமும் வைத்தால் இரண்டிலும் எழுத்தின் நிஜ அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். மானிட்டரில் சிறிதாகத் தெரிவதற்குக் காரணம், அதை இன்னும் தள்ளி வைத்துப் பார்ப்பது. அதற்காக மானிட்டரிலும் 125 வைத்தால் பயன்படும் இடம் 2752×1152 ஆகச் சுருங்கும். அகலத்துக்காகக் காசு கொடுத்து வாங்கிவிட்டு அதையே விட்டுக்கொடுப்பானேன்? 100-லேயே வைத்து, அக்சஸிபிலிட்டியில் டெக்ஸ்ட் சைஸை மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். கூட்டிய பின் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து ண, ன இரண்டின் சுழிகளும் சிரமமில்லாமல் பிரிந்து தெரிகின்றனவா என்று பாருங்கள். ஆங்கில எழுத்து தெளிவாக இருக்கும் அளவிலும் தமிழ்ச் சுழி அடைத்துக்கொள்ளும்.

கஸ்டம் ஸ்கேலிங் பெட்டியில் 110, 115 என்று எண் போடும் ஆசை வரும். வேண்டாம். அது இரண்டு திரைகளையும் சேர்த்தே மாற்றும்.

இனி கணக்கு மென்பொருள். பழைய புரோகிராம்கள் பல, திரைக்குத் திரை ஸ்கேலிங் மாறும் என்பதே தெரியாமல் எழுதப்பட்டவை. சில எப்போதும் 100 சதவீதக் கணக்கிலேயே வரையும். வேறு சில, நீங்கள் லாகின் செய்தபோது மெயின் திரைக்கு இருந்த அளவில் வரையும். அந்த அளவு பொருந்தாத திரைக்குப் போனால் விண்டோஸ் அதைப் படமாக எடுத்து நீட்டும், அல்லது சுருக்கும். அதனால் அல்ட்ராவைடை மெயின் டிஸ்பிளே ஆக்கி, 100 சதவீதத்தில் வைத்து, சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். இரண்டு வகையும் தெளிவாகிவிடும். லேப்டாப் திரைக்கு இழுத்தால் அங்கே லேசாக மங்கும். அங்கேயும் வேண்டுமென்றால் அந்த எக்ஸிக்யூட்டபிள் ஃபைலின் பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ் போய், ஓவர்ரைடில் சிஸ்டம் என்ஹான்ஸ்டு போட்டுப் பாருங்கள். சிலவற்றில் அருமையாக வேலை செய்யும், சிலவற்றில் பட்டன்கள் இடம் மாறி நிற்கும். அப்படியானால் பழையபடி மாற்றிவிடுங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018-இல் வந்த மேக்ஓஎஸ் மோஹாவி பதிப்பிலிருந்து ஆப்பிள் எழுத்தை மென்மையாக்கும் பழைய முறையைக் கைவிட்டது. அதனால் அங்குலத்துக்கு 110 பிக்சல் உள்ள இதே மானிட்டர் விண்டோஸைவிட மேக்கில் சற்றுச் சுமாராகத்தான் தெரியும். அது கேபிள் குற்றம் அல்ல.

இத்தனைக்கும் பிறகு மங்கினால், மானிட்டரோடு வந்த கேபிளில் இன்னொரு கணினியை இணைத்து 3440×1440, 100 சதவீதத்தில் பாருங்கள். மானிட்டர் மெனுவில் ஷார்ப்னெஸ்ஸை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருங்கள். அங்கேயும் எழுத்து தெளியவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கடைக்குப் போய்விடுங்கள்.