போட் ட்ரெயிலரின் பின் லைற் ஆறு மாதத்துக்கு ஒருக்காச் செத்துப்போகிறது. வயரிங்கை எப்படிச் செய்தால் நிலைக்கும்?

கேட்டவரின் நிலைமை இதுதான்: 19 அடி பைபர் போட், கல்வனைஸ் ட்ரெயிலர், யாழ்ப்பாணம் பாசையூர்ப் பக்கம் இறக்கி ஏற்றுகிறார். இழுப்பது டபிள் கப் பிக்கப், சில நாளில் லாண்ட்மாஸ்ரர் (இருசில்லு உழவு இயந்திரம்). பல்பு மாற்றினாலும் சரிவரவில்லை. இடது சிக்னல் போட்டால் வலதுபக்கப் பின் லைற்றும் சேர்ந்து மினுங்குகிறது.

அந்தக் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. உங்கட ட்ரெயிலரில் பல்பு போகவில்லை, ஏர்த் போயிருக்கிறது. சிக்னல் பல்புக்குள் போன மின் பற்றரிக்குத் திரும்பி வர வழி வேண்டும், அதுதான் ஏர்த். ஏர்த் வழி அடைபட்டால் அது பின் லைற்றின் இழைக்குள்ளால் புகுந்து, பின் லைற் வயர் வழியாக மற்றப் பக்கத்துக்கும், வாகனத்தின் சொந்தப் பின் லைற்றுக்கும் போய் அங்கே உள்ள ஏர்த்தைத் தேடும். அதனால்தான் எரியக்கூடாத லைற் மங்கலாக எரிகிறது. பிரேக் மிதித்தால் சிக்னல் வேகம் மாறுவது, எல்லா லைற்றும் ஒன்றாக மங்குவது, பள்ளத்தில் விழுந்தால் வந்து வந்து போவது எல்லாமே இந்த ஒரே நோயின் அறிகுறிகள். இந்த நிலையில் எத்தனை பல்பு மாற்றினாலும் காசுதான் போகும்.

ஏர்த் ஏன் போகிறது? பெரும்பாலான ட்ரெயிலர்களில் லைற்றைப் பூட்டிய போல்ற்தான் ஏர்த். லைற்றிலிருந்து போல்ற், போல்ற்றிலிருந்து பிரேம், பிரேமிலிருந்து கொக்கிப் பந்து, அங்கிருந்து வாகனம் என்று அந்த வழி போகும். கல்வனைஸ் பூச்சு உப்புப் பட்டதும் வெள்ளை மாவாகப் பூக்கும். அதற்குக் கீழே துரு. கொக்கிப் பந்திலோ கிறீஸ் பூசிக் கிடக்கும். இத்தனை தடையைத் தாண்டித்தான் மின் வரவேண்டும். எங்கட பரவைக்கடல் இன்னொரு சிக்கல். கரையோரம் ஆழமே இல்லாததால் போட் மிதக்கும்வரை ட்ரெயிலரைத் தூரம் தள்ளவேண்டியிருக்கும், அச்சும் பின் லைற்றும் முழுதாக உப்புக்குள் போய்விடும். சோளகம் வீசும் மாதங்களில் இறக்காமல் கரையில் நிற்கிற ட்ரெயிலரிலும் உப்புக் காற்று வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

ஆகவே முதலாவது மாற்றம்: பிரேமை ஏர்த்தாகப் பாவிப்பதை அடியோடு விடுங்கோ. ஒவ்வொரு லைற்றுக்கும் தனி ஏர்த் வயர் போட்டு, அதை முன்பக்கப் பிளக்வரை கொண்டுவாருங்கோ. இதை மட்டும் செய்தாலே பாதிக் கரைச்சல் தீரும்.

வயரில் மலிவு பார்க்க வேண்டாம். வெள்ளீயம் பூசிய செப்பு இழை உள்ள வயர்தான் வேண்டும், கடையில் மரீன் வயர் என்று கேட்டால் தருவார்கள். வெறும் செப்பு வயரில் ஒரு முனையில் ஏறிய உப்புத்தண்ணீர், விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல இழைகளுக்கிடையே ஏறிக்கொண்டே போகும். வெளியே பார்த்தால் நல்ல வயர், தோலை உரித்தால் உள்ளே கறுப்பு. பழைய வயரை வைத்திருக்க நினைத்தால் முனையிலிருந்து வெட்டிக்கொண்டு வாருங்கோ. 30 சென்ரிமீற்றர் வெட்டியும் பளபளப்பான செப்பு வராவிட்டால் அந்த வயரை எறிந்துவிடுங்கோ.

தடிப்பம்: சிக்னல், பிரேக், பின் லைற் வயர்கள் 1.5 சதுர மி.மீ., முன்னால் போகும் பொது ஏர்த் 2.5. ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 21 வாற் பல்பு 12 வோல்ற்றில் 1.75 அம்பியர் இழுக்கும். 10 மீற்றர் தூரத்துக்கு 0.5 சதுர மி.மீ. வயர் போட்டால் போக வர ஏறக்குறைய 1.2 வோல்ற் வழியிலேயே தொலைந்துவிடும். பல்பின் வெளிச்சம் வோல்ற் குறைவதைவிட வேகமாகக் குறையும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 1.5 வயரில் இழப்பு 0.4 வோல்ற் மட்டும். பிரேக், சிக்னல், பின் லைற் எல்லாம் ஒன்றாக எரியும்போது பொது ஏர்த்தில் 6 அம்பியர் அளவு ஓடும், அதனால்தான் அது தடிப்பாக இருக்கவேண்டும்.

19 அடி போட்டின் ட்ரெயிலருக்கு, முன்னால் 7 கோர் கேபிள் 2 மீற்றர், பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக 4 கோர் கேபிள் 6.5 மீற்றர்ப்படி 13 மீற்றர், வயர்கள் சந்திக்கும் யங்ஷன் பெட்டி ஒன்று, பசை உள்ள சுருங்கு குழாய், பத்துப் பன்னிரண்டு கிரிம்ப் (குறடால் நசுக்கிப் பிடிக்கும்) இணைப்பு வேண்டும். யங்ஷன் பெட்டியை வின்ச் நிற்கும் தூணில் உயரத்தில் பூட்டுங்கோ, அது தண்ணீருக்குள் போகாது. அங்கிருந்து லைற்வரை நடுவில் ஒரு இணைப்பும் இருக்கக்கூடாது. ஒரு துண்டு வயர் குறைகிறதென்று பின்னால் ஒட்டுப்போடும் இடத்தில்தான் அடுத்த வருடம் பழுது வரும். பிரேம் ஓட்டைக்குள்ளால் வயர் போகும் இடமெல்லாம் ரப்பர் வளையம் போடுங்கோ. வெட்டிய இரும்பின் விளிம்பு ஓட்டக் குலுக்கலில் தோலை அறுத்துவிடும். கட்டுவதற்குக் கறுப்பு நிறக் கேபிள் ரை போடுங்கோ. எங்கட வெயிலுக்கு வெள்ளை ரை சில மாதத்தில் மொறுமொறுத்து உடையும்.

இணைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். முறுக்கி இன்சுலேசன் ரேப் சுற்றுவது கூடவே கூடாது. வெயிலில் ரேப்பின் பசை உருகி வழியும், ரேப் உள்ளே போன உப்புத்தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். வயரைக் கடித்து இணைக்கும் நீலக் கிளிப்பும் வேண்டாம். அது இழையை வெட்டி, தோலில் உப்புக்கு வாசல் திறந்து விடுகிறது. ஈயம் பற்றவைத்தால் அந்த இடம் விறைத்து, விறைப்பு முடியும் எல்லையில் குலுக்கலில் முறியும். நல்ல ரச்செற் குறடால் கிரிம்ப் அடித்து, அதன்மேல் பசை உள்ள சுருங்கு குழாயைச் சூடுகாட்டி, இரு பக்கமும் பசை கொஞ்சம் கசிந்து வரும்வரை சுருக்குவதுதான் நிலைக்கும். சிலிக்கன் பூசுகிறவர்கள் மணந்து பாருங்கோ: வினாகிரி மணம் அடிக்கும் சிலிக்கன் செப்பை அரிக்கும். மணமில்லாத நியூட்ரல் வகை பரவாயில்லை.

பிளக்குக்கு வருவோம். 7 பின் (உலோக முனை) உள்ள வட்டப் பிளக்கில் ஐஎஸ்ஓ 1724 என்ற சர்வதேசத் தரத்தின் ஒழுங்கு இப்படி: 1 இடது சிக்னல், மஞ்சள். 2 பின்பக்க மூடுபனி லைற், நீலம், எங்களுக்குத் தேவையில்லை. 3 ஏர்த், வெள்ளை. 4 வலது சிக்னல், பச்சை. 5 வலது பின் லைற், மண்ணிறம். 6 பிரேக், சிவப்பு. 7 இடது பின் லைற், கறுப்பு. இலக்கங்கள் பிளக்கின் உள்ளே ஸ்குரூவுக்குப் பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். நிறத்தை நம்பாமல் இலக்கத்தை நம்புங்கோ, முன்னர் யாரோ கைவைத்த ட்ரெயிலரில் நிறம் எதுவும் மாறியிருக்கலாம்.

இணையத்தில் வாங்கும் லைற் செற்றுகளில் ஒரு பொறி இருக்கிறது. தட்டையான 4 பின் பிளக்கோடு வருபவை அமெரிக்க முறை. அதில் வெள்ளை ஏர்த், மண்ணிறம் பின் லைற், மஞ்சள் இடதுபக்கச் சிக்னலும் பிரேக்கும், பச்சை வலதுபக்கச் சிக்னலும் பிரேக்கும். எங்கட யப்பான் வாகனங்களில் சிக்னல் வேறு, பிரேக் வேறு. இரண்டையும் நேரே மஞ்சளில் சேர்த்து முறுக்கினால் சிக்னல் போடும்போது வாகனத்தின் பிரேக் லைற்றும் மினுங்கும். இரண்டையும் ஒரே வயருக்கு மாற்றிக் கொடுக்கும் கொன்வேர்ற்றர் பெட்டி ஒன்று நடுவில் வேண்டும், அல்லது செற்றையே மாற்றுங்கோ. நான் சொல்வது மாற்றச் சொல்லித்தான்.

லைற் வாங்கும்போது முழுதாகப் பசை வார்த்து மூடிய எல்ஈடி வாங்குங்கோ, தண்ணீர் புகாமையைக் காட்டும் ஐபி எண் 67 என்றாவது இருக்கவேண்டும், 68 இன்னும் நல்லது. கண்ணாடி கழற்றும் பல்பு லைற் என்றால் அடியில் 4 மி.மீ. ஓட்டை ஒன்று இருக்கவேண்டும், போன தண்ணீர் வழிந்தோட. சுடச்சுட இருக்கும் பல்பு கடல் தண்ணீருக்குள் போனால் வெடிக்கும். வெடிக்காவிட்டாலும் உள்ளே காற்றுக் குளிர்ந்து சுருங்கும்போது உப்புத்தண்ணீரை உறிஞ்சி எடுக்கும்.

ஆனால் பரவைக்கடலில் இறக்குகிற ஒருவருக்கு இவை எல்லாவற்றையும்விட நல்ல வழி, லைற்றைத் தண்ணீருக்குள் கொண்டுபோகாமலே விடுவதுதான். 4 அடி அலுமினியச் சட்டம் அல்லது பலகை ஒன்றில் இரண்டு லைற், சிவப்பு ரிப்ளெக்ரர், இலக்கத்தகடு எல்லாவற்றையும் பூட்டி, போட்டின் பின்பக்கத்தில் இரண்டு கொக்கியும் ரப்பர் பட்டியுமாகக் கொழுவுங்கோ. கேபிள் போட்டுக்குள்ளால் முன்னுக்கு வந்து பிளக்கில் சேரும். இறக்க முதல் கழற்றி வாகனத்துக்குள் போட்டுவிடலாம். இன்னொரு நன்மை: ட்ரெயிலர் பிரேமில் தாழ்வாக இருக்கும் லைற்றை, பின்னுக்கு நீட்டிக்கொண்டு நிற்கும் போட்டும் தூக்கிவைத்த எஞ்சினும் மறைத்துவிடும். பண்ணைப் பாலத்தில் இருட்டில் பின்னால் மோட்டார்சைக்கிளில் வருகிறவர் காண வேண்டியது எஞ்சினின் காற்றாடியை அல்ல, லைற்றை. பலகை எஞ்சின் காலுக்கும் பின்னால் வருமாறு பார்த்துக் கட்டுங்கோ.

வாகனப் பக்கத்தில், புதிய டபிள் கப்பின் பின் லைற் வயரில் நேரே ஒட்டுப்போட வேண்டாம். வாகன லைற்றின் சைகையை மட்டும் எடுத்து ட்ரெயிலருக்கு வேறாக மின் கொடுக்கும் பைபாஸ் ரிலே பெட்டி ஒன்று வைத்து, ட்ரெயிலருக்கான மின்னை 15 அம்பியர் பியூஸ் ஊடாகப் பற்றரியிலிருந்து நேரே எடுங்கோ. பிறகு ட்ரெயிலரில் சோட் ஆனாலும் வாகனத்தின் லைற் தப்பும். லொறியில் இழுக்கப்போகிறீர்கள் என்றால் முதலில் மீற்றர் வைத்துப் பாருங்கோ. நடுத்தர லொறிகள் பல 24 வோல்ற், 12 வோல்ற் பல்பு உடனே கருகும். 10 முதல் 30 வோல்ற்வரை தாங்கும் எல்ஈடி என்றால் பயமில்லை.

பற்றரி இல்லாத லாண்ட்மாஸ்ரரில் லைற்றுக்கு வரும் மின் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும், அதை எல்ஈடியில் கொடுக்க வேண்டாம். யூபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ற் 7 அம்பியர் மணி பற்றரி ஒன்றைத் தனியாக வைத்து, பின் லைற்றை மட்டும் எரியவிடுங்கோ. இரண்டு எல்ஈடி பின் லைற்றும் சேர்த்து 2 வாற் என்றால், பற்றரியின் பாதியைப் பாவித்தாலே 20 மணித்தியாலம் வரும். பற்றரியின் பொசிற்றிவ் முனைக்குப் பக்கத்திலேயே 3 அம்பியர் பியூஸ் போடுங்கோ.

பராமரிப்பில் மூன்று விசயம் தவறாமல் நடக்கவேண்டும். தண்ணீருக்கு இறங்க முதல் பிளக்கைக் கழற்றுங்கோ, எல்ஈடி என்றாலும்தான். மின் ஓடும் வயர் உப்புத்தண்ணீரில் நனைந்தால் பொசிற்றிவ் பக்கச் செப்பு கரையத் தொடங்கும், பிளக்கில் காணும் பச்சைக் களிம்பு பெரும்பாலும் இதில் வந்ததுதான். கழற்றிவிட்டுப் பதினைந்து நிமிடம் நிற்பாட்டினால் சில்லு பெயாரிங்கும் ஆறும். ஏற்றி வந்ததும் நன்னீரால் கழுவுங்கோ. நன்னீர் என்று சொல்வது சும்மா இல்லை: தீவுப்பக்கத்துக் கிணறுகளும் கடலோரக் கிணறுகளும் பல உவர், அந்தத் தண்ணீரால் கழுவினால் உப்பின்மேல் உப்பு. நாக்கில் வைத்துப் பாருங்கோ, கரித்தால் தாங்கித் தண்ணீரோ மழைத்தண்ணீரோ பாவியுங்கோ. மூன்றாவது, பிளக்கின் பின்களில் வசிலின் அல்லது டைஇலெக்ரிக் கிறீஸ் மெல்லியதாகப் பூசி, வாய் கீழே பார்க்கத் தொங்கவிடுங்கோ. டபிள்யூடி-40 அடித்தால் ஈரம் போகும், ஆனால் அது காவலாக நெடுநாள் நிற்காது.

பழுது பார்க்கும்போது வாகனத்தில் மாட்டாமல், அதே சின்னப் பற்றரியின் நெகற்றிவ்வை 3ஆம் பின்னிலும் பொசிற்றிவ்வை 5 அம்பியர் பியூஸ் ஊடாக மற்றப் பின்களில் ஒவ்வொன்றாகவும் தொடுங்கோ. எல்லாம் சரியாக எரிந்தால் பழுது வாகனத்தில். எரியாவிட்டால் ட்ரெயிலரில். மீற்றரில் ஓம் (மின்தடை) அளந்து ஏமாற வேண்டாம். ஒரேயொரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் ஓம் நல்லதாகக் காட்டும், மின் ஓடும்போதுதான் அது தாங்காது. லைற்றை எரியவிட்டுக்கொண்டே பற்றரி நெகற்றிவ்வுக்கும் லைற்றின் ஏர்த் வயருக்கும் இடையில் வோல்ற் அளவுங்கோ. அரை வோல்ற்றுக்கு மேலே காட்டினால் ஏர்த்தில் எங்கோ பழுது. மீற்றர் முனையை லைற் பக்கமிருந்து முன்னுக்கு ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டு வந்தால், வோல்ற் சட்டென்று விழும் இடத்தில் பழுது கிடக்கும். பிளக்கிலேயே விழுந்தால், பிளந்திருக்கும் பித்தளைப் பின்னின் வெடிப்பில் சின்ன ஸ்குரூ டிரைவரை வைத்து ஒரு மயிரிழை விரித்துவிட்டு மாட்டிப் பாருங்கோ.