வாசகர் கேள்விகள்: ஒரே ஆள், பல அடையாளம்

இனம் பிறப்பிலேயே வருவதுதானே? அதை ஏன் சமூக அடையாளம் என்கிறார்கள்?

தோலின் நிறம் பிறப்பில் வருவது. அதை வைத்து மனிதர்களைப் பிரிக்கும் கோட்டைச் சமூகம் போடுகிறது. மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் 1972-இல் கணக்கிட்டபோது, மனிதரிடையே உள்ள மரபு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒவ்வொரு மக்கள்கூட்டத்துக்கு உள்ளேயே இருந்தது; கூட்டங்களுக்கு இடையே இருந்தது மிச்சம்தான். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்க 2000-இல்தான் முதன்முதலாக வழி வந்தது. 1990-இல் ஒரு கட்டத்தில் டிக் போட்டவர் பத்து வருடம் கழித்து இரண்டில் போடலாம். ஆள் அவரேதான்.

நிறத்தால் வரும் பாதிப்பையும் பெண் என்பதால் வரும் பாதிப்பையும் தனித்தனியே பார்த்தால் போதாதா?

போதாது. அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் போட்ட வழக்கைப் பாருங்கள். 1964-க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததில்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தது. கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே. அதில் அவர்கள் வேலை போனது. 1976-இல் நீதிமன்றம் சொன்னது: பெண்களை எடுத்திருக்கிறார்கள், ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை, இனப் பாகுபாடு என்றால் ஏற்கெனவே நடக்கும் இன்னொரு வழக்கோடு சேருங்கள், இரண்டையும் இணைத்து வழக்காட முடியாது. எடுக்கப்பட்ட அந்தப் பெண்கள் வெள்ளையர்கள். இரண்டு சட்டப் பாதுகாப்பு இருந்தும் இவர்கள் நடுவில் விழுந்தார்கள். இந்தத் தீர்ப்பை அலசித்தான் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் ‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’ (பல அடையாளங்கள் குறுக்கிடும் இடத்தில் வரும் தனிப் பாதிப்பு) என்ற சொல்லைத் தந்தார். மதமும் பாலீர்ப்பும் (யார் மீது ஈர்ப்பு என்பது) சேரும்போதும் இதே கதைதான்: தன் மதத்தாரிடம் பாலீர்ப்பை மறைப்பவர், தன்பாலீர்ப்பாளர் கூட்டத்தில் மதத்தை மறைக்க வேண்டிவரலாம்.

25 பேர் கொண்ட வகுப்பில் ‘அடையாளச் சக்கரம்’ பயிற்சி நடத்தப்போகிறேன். எதில் கவனம் வேண்டும்?

ஒரு வட்டம், எட்டுப் பங்கு: இனம், மதம், பண்பாடு, மொழி, பாலினம், பாலீர்ப்பு, வர்க்கம், எட்டாவதைக் காலியாக விடுங்கள், அவரவர் விருப்பம். நிரப்பப் பத்து நிமிடம் போதும். பிறகு மூன்று குறிகள்: தினமும் நினைவுக்கு வருவதற்கு ஒரு நட்சத்திரம், நினைத்தே பார்க்காததற்கு ஒரு சுழி, இடத்துக்கு இடம் மறைப்பதற்கு ஒரு கோடு. சுழி விழும் பங்கில் பெரும்பாலும் அவர் அந்தச் சூழலின் பெரும்பான்மை. பேச வேண்டியது அந்தச் சுழிகளைப் பற்றித்தான். அதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்குங்கள்.

தாளை வாங்காதீர்கள், வாசிக்கச் சொல்லாதீர்கள். ‘பாலீர்ப்பு’ பங்கை ஒருவர் காலியாக விட்டால் அதுவே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். வகுப்பில் ஒரு மதத்தைச் சேர்ந்தவர் ஒரே ஒருவர்தான் என்றால், ‘உங்கள் ஆட்கள் என்ன நினைக்கிறார்கள்?’ என்று அவரைக் கேட்கவே கூடாது.

பயிற்சிக்கான பதிவுப் படிவத்தில் பாலினமும் பாலீர்ப்பும் ஒரே கேள்வியில் வரக் கூடாது. ஒரு திருநங்கைக்கு ஆணிடமும் ஈர்ப்பு இருக்கலாம், பெண்ணிடமும் இருக்கலாம். பதிவுக்குப் பாலீர்ப்பு தேவையே இல்லை, படிவத்தில் கேட்காமல் விடுங்கள். பாலினத்துக்குப் பெண், ஆண், அவரே எழுத ஒரு வரி, ‘சொல்ல விருப்பமில்லை’ என்று நான்கு இடம் வையுங்கள். திருநங்கை ‘பெண்’ என்று குறித்தால் அதைத் திருத்தாதீர்கள். அறிக்கையில் ஒரு பிரிவில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் எண்ணிக்கையை வெளியிட வேண்டாம். 25 பேரில் அந்த ஒருவர் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.