பேச்சு வராத பிள்ளையின் கைவேலையைப் பாருங்கள்

பாம்பனிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகனுக்கு மூன்று வயது, பத்துச் சொல்லுக்கு மேல் வரவில்லை, ஆனால் அப்பா கொண்டுவரும் சங்காயத்தில், அதாவது வலையில் சேர்ந்து வரும் சில்லறை மீன்களில், காரலைத் தனியாக, சூடையைத் தனியாகப் பிரித்து வைத்துவிடுகிறான். "எம்மவனும் நாலு வயசுலதான் பேசுனான்" என்கிறார் மாமியார். வாய்திறந்து கேட்டால்தான் பிஸ்கட் என்று பிடிவாதமாக இருந்து பார்க்கலாமா என்பது அந்த அம்மாவின் கேள்வி.

வேண்டாம். பசியிலும் அழுகையிலும் சொல் வராது.

முதலில் காதைச் சோதியுங்கள். சளி பிடித்துச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கினால், கடலில் முங்கிக்கொண்டு கரையில் பேசுவதைக் கேட்பது போலத்தான் பிள்ளைக்குக் கேட்கும், சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பான், ஆனால் சொல் தெளிவாகப் போய்ச் சேராது. இரண்டு வயதிலேயே ஏறக்குறைய 50 சொற்களும் "அம்மா வா" போன்ற இரட்டைச் சொற்களும் வந்திருக்க வேண்டும், அதனால் நான்கு வயதுவரை காத்திருக்காதீர்கள். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னால் மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, விரல் நீட்டிக் காட்டுவதில்லை, வந்த சொல்லும் போய்விட்டது என்றால் இந்த வாரமே போங்கள்.

சரி, மீனுக்கு வருவோம். நிறம், வடிவம், அளவு பார்த்து இனம் பிரிப்பது மூன்று வயதில் சின்னத் திறமை இல்லை, பேச்சுக்கு வழியும் அங்கேதான் இருக்கிறது. அவன் பிரிக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள், "இது என்ன, சொல்லு" என்று பரீட்சை வைக்காமல், அவன் கை தொடுவதற்கு நீங்கள் பெயர் சொல்லுங்கள்: "காரல்... இன்னொரு காரல்... இது பெரிய காரல்." சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணும் வரை பேசாமல் இருங்கள். நம்மில் பலருக்கு இந்தப் பத்து எண்ணுவதுதான் கஷ்டம், ஆனால் பிள்ளை வாய் திறப்பது அந்த இடைவெளியில்தான். பாறை மீனை "பா" என்றால் திருத்த வேண்டாம், "ஆமா, பாறை" என்று முழுசாகத் திருப்பிச் சொன்னால் போதும், ப, ம போன்ற உதட்டு ஒலிகள் முந்தி வரும், ற, ழ எல்லாம் பல பிள்ளைகளுக்குப் பிந்தித்தான் வரும். சைகை காட்டினாலும் தடுக்காதீர்கள், சைகை பேச்சைக் கெடுக்காது. அப்புறம், அவன் காதுபட "இவன் பேச மாட்டான்" என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது அவன் மீன் பிரிப்பதை இரண்டு நிமிடம் செல்போனில் எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில் பிள்ளைகள் முடங்கிவிடுவார்கள், அவனுக்கு என்னென்ன தெரியும் என்பது பேச்சுப் பயிற்சியாளருக்கு அந்த வீடியோவில்தான் தெரியும்.